குருத்தோலைக் காவல்: மலுக்குத் தீவுகளின் சாசி மரபும் அதன் வரலாறும்

இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில், அம்போன் தீவுக்கும் சப்பாருவா தீவுக்கும் நடுவே ஹருக்கு என்றொரு சிறு தீவு உள்ளது. அத்தீவில் அதே பெயருடைய ஊரும் ஒன்று உண்டு. ஆண்டில் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணியளவில், அவ்வூரை ஒட்டிப் பாயும் லெயாரிசா காயெலி ஆற்றின் முகத்துவாரத்தில் ஊர்க்காவலர் தீ வளர்ப்பர். இரவெல்லாம் கடலில் திரிந்த லொம்பா மீன்கள் அந்த ஒளியால் ஈர்க்கப்பட்டுக் கூட்டங்கூட்டமாக ஆற்றுக்குள் நுழையும். நீர் வற்றும் வேளையில் முகத்துவாரத்தின் குறுக்கே வலை கட்டப்படும். பின்னர் ‘தீபா’ என்னும் தோற்கருவி முழங்கும். முதல் முழக்கம் கேட்டதும் சிறியவரும் பெரியவரும் ஆயத்தமாக வேண்டும். இரண்டாம் முழக்கத்தில் அனைவரும் ஆற்றை நோக்கி நடக்க வேண்டும். மூன்றாம் முழக்கம், ஊர்த் தலைவரான ராஜாவும் ஊர்மன்றத்தாரும் சமயகுருவும் புறப்பட்டுவிட்டனர் என்பதற்கு அடையாளம். முதல் வலையை ராஜா வீசுவார். அடுத்து சமயகுரு வீசுவார். அதன்பின் ஆறு ஊராருக்குரியது.

1984ஆம் ஆண்டில் இவ்வாறு ஆறு திறந்துவிடப்பட்டபோது பிடிபட்ட லொம்பா மீனின் எடை ஏறத்தாழ 35 டன் என்று அம்போனிலுள்ள பத்திமுரா பல்கலைக்கழகத்தின் மீன்வளத் துறையினர் பதிந்துள்ளனர். ஒரு சிற்றாற்றில், ஓரிரு நாளில், வீச்சுவலைகளைக் கொண்டு எடுத்த மீன் அது. எஞ்சிய நாள்களில் அவ்வாற்றில் வலை இறங்குவதில்லை. இறங்கலாகாது என்பது சட்டம். அச்சட்டத்தின் பெயர் ‘சாசி’.

சாசி என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு விளக்கம் மலுக்கு மக்களிடையே பரவலாக வழங்குகிறது. மலாய் மொழியின் ‘சக்சி’ என்னும் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். அந்தச் ‘சக்சி’ வடமொழிச் சொல். தமிழில் நாம் ‘சாட்சி’ என்று வழங்குவதும் அதே மூலத்தினின்றும் வந்ததே. இவ்விளக்கம் சொல்லாராய்ச்சியின் சோதனைக்கு நிற்குமோ நில்லாதோ, வழக்கத்தின் உட்பொருளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரு கோலை நட்டு, அதில் தென்னங்குருத்தோலையைக் கட்டிவிட்டால், அந்தத் தோப்போ, ஆறோ, கடற்பரப்போ சாட்சியின் முன் வைக்கப்பட்டதாகிவிடுகிறது. முன்னோரும் இறைவனும் ஊராரும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். வேலியும் பூட்டும் இல்லாமல் ஓர் ஓலை காவல் காக்கிறது.

காக்கும் மனிதரும் இல்லாமல் இல்லை. அவர்களைக் ‘கெவாங்’ என்பர். காட்டுக்கும் கடலுக்கும் தனித்தனித் தலைவர்கள் உண்டு. ஹருக்கு ஊரின் ஐந்து பெருங்குலங்களிலிருந்தும் காவலர்கள் சேர்க்கப்படுவர். அக்குலங்களைச் ‘சொவா’ என்று அழைப்பர். விதியை மீறும் பெரியவர்களுக்கு அபராதம் விதிக்கப்படும், சிறுவருக்குப் பிரம்படி. அடி ஐந்து என்பது கணக்கு. ஐந்து குலங்களும் ஒப்படைத்த கடமையை அந்தப் பிள்ளை சுமக்க வேண்டும் என்பதே அந்த எண்ணிக்கைக்கு அவர்கள் தரும் பொருள். பள்ளிகளில் பிரம்பைக் கைவிட்டுவிட்ட ஆசிரியப் பெருமக்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆயினும், தண்டனையின் அளவுக்குக்கூடக் காரணம் சொல்லிவைத்த ஒரு சட்டமுறை இது என்பதை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன்.

லொம்பா மீன் நம் சந்தையில் கிடைக்கும் நெத்திலிக்கு உறவு. நெத்திலியினும் சற்றுப் பெரியது. ஏப்ரல், மே மாதங்களில் அதன் குஞ்சுகள் ஹருக்குக் கரையோரம் திரள் திரளாகத் தென்படும். அன்றே சாசி தொடங்கிவிடும். ஓரிரு மாதம் சென்றபின் அவை முகத்துவாரத்தைத் தேடி வந்து ஆற்றுக்குள் புகும். பகலில் ஆற்றில் தங்குவதும், இரவில் கடலுக்குச் சென்று விடியலில் திரும்புவதும் அவற்றின் இயல்பு. ஐந்து முதல் ஏழு மாதம் வளர்ந்த பின்னரே ஆறு திறக்கப்படும். இடைப்பட்ட காலத்தில் கெவாங் விதித்துள்ள கட்டளைகளை ஒன்றுடன் ஒன்று சேர்த்துப் பார்த்தால், மீனின் இயல்பை அறிந்தவர்கள் வகுத்தவை அவை என்பது விளங்கும். விசைப்படகு அப்பகுதியைக் கடக்கும்போது பொறியை நிறுத்திவிட வேண்டும். அடுக்களைப் பொருள்களை ஆற்றில் கழுவலாகாது. குப்பையை ஆற்றில் கொட்டலாகாது. கரையிலிருந்து சுமார் நான்கு மீட்டர் தள்ளியே போட வேண்டும். வேறு மீன் பிடிக்க இரையாக லொம்பா தேவைப்படின் தூண்டிலால் மட்டும் பிடிக்கலாம். அதையும் ஆற்றுக்குள் பிடிக்கக் கூடாது.

கடைசிக் கட்டளை எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது. ஒரேயடியாகத் தடுத்திருந்தால் வேலை எளிது. ஆனால் கடலோடியின் அன்றாடப் பிழைப்புக்கு இரைமீன் வேண்டும் என்பதை அச்சட்டம் அறிந்திருக்கிறது. வயிற்றைப் பட்டினி போடும் சட்டம் நெடுநாள் நிலைக்காது என்பதை அனுபவம் கற்பித்திருக்க வேண்டும்.

இம்மீன் எவ்வாறு அவ்வாற்றுக்கு வந்தது என்பதற்கு ஒரு கதையும் சொல்வர். அவ்வாற்றில் ஒரு பெண் முதலை வாழ்ந்ததாம். ஆற்றைக் கடக்க வருவோரைத் தன் முதுகில் ஏற்றிக் கரை சேர்த்ததாம். அண்டையிலுள்ள சேரம் தீவின் முதலைகள், தம்மை வருத்திய பெரும்பாம்பு ஒன்றை அழித்துத் தருமாறு அதனிடம் வேண்டின. அது சென்று போரிட்டு வென்றது. அதற்குப் பரிசாகக் கிடைத்தவற்றுள் ஒன்றுதான் லொம்பா மீன். கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் அதன் அடிப்படை நோக்கத்தக்கது: இந்த மீன் ஊராருக்கு இயல்பாகக் கிடைத்த சொத்து அன்று, பிறரொருவர் பட்ட பாட்டுக்குக் கிடைத்த கொடை.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டவுடன், ‘பழங்குடி மக்கள் இயற்கையைக் காக்கத் தொன்றுதொட்டு வகுத்த முறை’ என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். இணையத்திலும் சுற்றுலா ஏடுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகின்றனர். வரலாற்று மாணவர்கள் இங்கேதான் சற்று நிற்க வேண்டும்.

குருத்தோலையைக் கட்டிப் பொருளைக் காக்கும் வழக்கம் இத்தீவுக் கூட்டம் எங்கும் பரவியிருந்தது. 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, பின்னர் எட்டாண்டுகள் இப்பகுதியெங்கும் அலைந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 1869இல் வெளியிட்ட ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் நூலில் திமோர்த் தீவின் ‘பொமாலி’ வழக்கத்தைக் குறிக்கிறார். பனையோலை செருகிய தோட்டத்தில் திருடர் நுழைவதில்லை என்பதே அவர் கண்டது. திருட்டைத் தடுப்பதுதான் அங்கே முதன்மை. மலுக்குவிலும் சாசி கடலுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. தேங்காய்க்கும் பழமரங்களுக்கும் சாசி உண்டு. ஊருக்குள் நடந்துகொள்ளும் முறைக்கும் சாசி உண்டு. இரவில் கூச்சலிடலாகாது என்பதும், பெண்கள் ஆற்றிலிருந்து மார்புவரை கட்டிய ஒற்றைத் துணியோடு வீடு திரும்பலாகாது என்பதும் ஹருக்குவின் சாசி விதிகளே. மீனுக்கும் உடைக்கும் ஒரே சட்டம், ஒரே காவலர். ஆகவே, சாசி என்பது அடிப்படையில் ஊரின் ஒழுங்கு. கனி பழுக்குமுன் பறிக்காதே, பிறன் பொருளைத் தொடாதே, பொதுச்சொத்தைத் தனியொருவன் முந்திச் சென்று அள்ளாதே என்பனவெல்லாம் ஊரில் சண்டை வாராமல் இருக்க வகுக்கப்பட்டவை.

மேலும், இவ்வழக்கம் வெளியுலகக் காற்றுப் படாமல் வளர்ந்ததும் அன்று. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த மண் அது. 1605இல் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி அம்போனைக் கைப்பற்றியது. கிராம்பு தன் கண்பார்வையில் மட்டுமே விளைய வேண்டும் என்பதற்காக, பிற தீவுகளில் கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்க்க ‘ஹொங்கி’ எனப்படும் படகுப்படைகளை அனுப்பியது. படகு வலிக்க அழைத்துச் செல்லப்பட்டவர்கள் இந்தத் தீவுகளின் ஊர்மக்களே. ஹருக்குவும் சப்பாருவாவும் கிராம்பு பயிரிட அனுமதிக்கப்பட்ட தீவுகள். அத்தகைய ஆட்சியின்கீழ், எப்போது பறிக்கலாம், யார் பறிக்கலாம் என்பதை வரையறுக்கும் ஒரு வழக்கம் ஆளுவோர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாசி விதிகள் எழுத்துவடிவம் பெறுகின்றன. சப்பாருவாத் தீவின் போர்த்தோ ஊரில் 1870இலும், அதே தீவின் பப்பேரு ஊரில் 1913இலும் எழுதப்பட்ட விதித்தொகுப்புகள் அறியப்பட்டவை. டச்சு அதிகாரியான ரீடல் 1886இல் வெளியிட்ட பெருநூலிலும் இவ்வழக்கம் விளக்கப்படுகிறது. வாய்மொழியாக இருந்த வழக்கம் ஏட்டில் ஏறும்போது அது மாறாமல் ஏறுவதில்லை. எழுதுபவர் யார், யாருக்காக எழுதப்படுகிறது என்பவற்றைப் பொறுத்து அதன் உருவம் அமைகிறது.

இக்கருத்தை அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் செர்னர் 1994இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் வலுவாக முன்வைத்தார். காலனி அதிகாரிகள் சாசியை ஒழுங்குமுறைக் கருவியாகக் கண்டனர்; சந்தை பெருகியபோது அது விலையுயர்ந்த கடற்பொருள்கள்மீது உரிமை கொண்டாடும் வழியாயிற்று; 1970களுக்குப் பின்னர் சுற்றுச்சூழல் இயக்கத்தார் அதைப் பசுமைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, தொன்மையான இயற்கைப் பாதுகாப்புச் சட்டமாக விளக்கினர் என்பது அவர் வாதத்தின் சுருக்கம்.

இவ்வாதம் பலரை வருந்தச் செய்தது. ‘அப்படியாயின் சாசி பொய்யா?’ என்று கேட்போரும் உளர். என் எண்ணம் வேறு. ஒரு வழக்கம் எதற்காகத் தோன்றியது என்பதும், அதனால் என்ன விளைந்தது என்பதும் இருவேறு வினாக்கள். லொம்பாக் குஞ்சுகள் ஐந்து மாதம் தொல்லையின்றி வளர்ந்தன என்பது, காவலர் மனத்தில் ‘சூழலியல்’ என்ற சொல் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று. செர்னர் நமக்குச் செய்த உதவி, மரபைப் பூசை அறையில் வைத்துவிடாமல் வரலாற்றில் வைத்துப் பார்க்கச் சொன்னதே. மாறக்கூடியது என்றால் அழியவும் கூடும், விற்கப்படவும் கூடும்.

விற்கவும்பட்டது. லோலா என்றொரு கூம்பு வடிவச் சங்கினம் மலுக்குவின் பவளப்பாறைகளில் வாழ்கிறது. அதன் உட்புறம் முத்துப்போல் மின்னும். சட்டைப் பொத்தான் செய்ய அதை உலகச் சந்தை வாங்கியது. தெற்கே உள்ள கேய்த் தீவுகளில் லோலாவுக்குச் சாசி இட்டு, ஆண்டுக்கணக்கில் மூடிவைத்துத் திறப்பது வழக்கம். திறக்கும் நாளில் ஊரே மூழ்கிச் சங்கு எடுக்கும். வருவாய் கோயிலுக்கோ பள்ளிக்கோ பொதுப் பணிக்கோ செல்லும். விலை ஏற ஏற, அறுவடை உரிமையை ஏலத்தில் விடும் முறை சில ஊர்களில் நுழைந்தது. ஏலம் எடுத்த வணிகன் முன்பணம் கொடுத்தான், ஊர்த்தலைவர் பெற்றுக்கொண்டார். சாசியின் ஓலை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது காத்தது ஊராருடைய பங்கை அன்று. ஏலம் எடுத்தவனுடைய முதலீட்டை. தம் பங்கு போய்விட்டதை உணர்ந்த இளைஞர்கள் இரவில் மூழ்கிச் சங்கு எடுத்தால், அவர்களைத் திருடர் என்று சொல்வதா, உரிமை இழந்தோர் என்று சொல்வதா? 1987இல் இந்தோனேசிய அரசு லோலாவைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அதனால், ஊரார் தம் மரபுப்படி காத்து வளர்த்த சங்கை எடுத்து விற்பதே சட்டமீறல் என்னும் விசித்திர நிலையும் உண்டாயிற்று.

இதற்கிடையில் 1979ஆம் ஆண்டின் ஐந்தாம் எண் சட்டம் நாடெங்கும் உள்ள ஊராட்சிகளை ஒரே அச்சில் வார்த்தது. மலுக்குவின் ‘நெகிரி’கள் ‘டேசா’ ஆயின. ராஜாவின் இடத்தில் ஊராட்சித் தலைவர் அமர்ந்தார். கெவாங்குக்கு அச்சட்டத்தில் இடமில்லை. வெடிவைத்து மீன் பிடிப்போரும், பவளப்பாறைகளில் சயனைடு நஞ்சு கலப்போரும் வந்தபோது, தடுக்க வேண்டியவரின் கையில் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் மாவட்டத் தலைநகரில் இருந்தார்.

இது மலுக்குவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கடலுயிரியலாளர் ராபர்ட் ஜொஹானஸ் 1970களில் பசிபிக்கின் பலாவுத் தீவுகளில் மீனவரோடு தங்கி ஆராய்ந்தார். எந்த மீன் எந்த மாதத்தில், எந்தப் பிறையில் முட்டையிடும் என்று அங்குள்ள முதியவர்கள் அவருக்குச் சொன்னவை, அதுவரை அறிவியல் ஏடுகளில் இருந்தவற்றைக் காட்டிலும் மிகுதி. பசிபிக் தீவுகளில் மீன்களைக் காத்த மரபுகள் எவ்வாறு சிதைந்தன என்பதற்கு அவர் 1978இல் மூன்று காரணம் கூறினார்: பணப் பொருளாதாரம் புகுந்தமை, மரபுத் தலைமை தளர்ந்தமை, அயல் ஆட்சியார் புதிய சட்டங்களைத் திணித்தமை. இம்மூன்றையும் மலுக்குவின் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள்; அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.

இதைவிடக் கூர்மையான செய்தி ஒன்றுண்டு. கரையோர மீனவர்களின் எதிர்ப்பினால், 1980ஆம் ஆண்டின் 39ஆம் எண் அதிபர் ஆணை இழுவைமடிப் படகுகளைத் தடைசெய்யத் தொடங்கியது. 1983முதல் தடை நாடெங்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் கிழக்கே 130 பாகைத் தீர்க்கரேகைக்கு அப்பாலுள்ள கடலில் இறால் இழுவைமடிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கேய்த் தீவுகள் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே உள்ளன. கரையில் நின்று ஓலை கட்டி ஊரார் காத்த கடலுக்கு அடுத்தே, கடலடியை வாரிச் செல்லும் மடிகள் உரிமத்தோடு இயங்கின. ஓர் ஊரின் சாசி, அதன் ‘பெத்துவானான்’ எனப்படும் எல்லைக்குள் மட்டுமே செல்லும். மீனோ எல்லை அறியாது. இந்தக் குறைபாட்டை மறைத்து மரபைப் புகழ்வதால் மீனவனுக்கு ஒரு பயனும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஹருக்கு ஊர் தன் கெவாங்கை விடாமல் வைத்துக்கொண்டது. 1985இல் இந்தோனேசிய அரசு, சுற்றுச்சூழல் பணிக்காகத் தான் வழங்கும் ‘கல்பதரு’ விருதை ஹருக்கு கெவாங்குக்கு அளித்தது. ஊராட்சிச் சட்டத்தில் இடமில்லாத ஓர் அமைப்புக்கு, சட்டம் வந்த ஆறாம் ஆண்டில், அதே அரசு பரிசு வழங்கியது என்பது அக்கால நிருவாகத்தின் இயல்பைக் காட்டும். விருதின் பெயர் வேண்டியதைத் தரும் விண்ணுலக மரத்தின் பெயர். ஆயினும் அவ்விருதால் நன்மை விளைந்தது என்றே நான் கருதுகிறேன். பழைய வழக்கம் பின்தங்கியோர் செயல் என்று வெட்கிய இளைஞர்கள், தலைநகரம் அதை மதிப்பதைக் கண்டனர். 1999இன் வட்டாரத் தன்னாட்சிச் சட்டத்திற்குப் பின்னர், ‘நெகிரி’ என்ற பழம்பெயரும் பல ஊர்களுக்குத் திரும்பியது.

சமயமும் சாசிக்குத் துணை நின்றது. பல கிறித்தவ ஊர்களில் தேவாலயத்தில் வேண்டுதல் செய்து சாசியை அறிவிக்கின்றனர். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் வழியாக அறிவிப்பதும் உண்டு. ஊர்மன்றத்துக்கு அஞ்சாதவர்களும் இறைவனுக்கு அஞ்சினர். அரசியல் தலைமை தளர்ந்த இடங்களில் சாசியைத் தாங்கிப் பிடித்தது பெரும்பாலும் இந்த அறிவிப்புதான்.

நமக்கு அண்மையிலும் இத்தகைய வழக்கங்கள் உண்டு. பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில் வழியாகச் சென்றால் ஆச்சே. அங்கே ‘பங்லிமா லாவோட்’ எனப்படும் கடல்தலைவர்கள் மீனவரிடையே வழக்குத் தீர்க்கின்றனர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும்வரை கடலுக்குப் போகலாகாது என்பது அவர்களின் விதி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையை அழித்தபின், ஆண்டுதோறும் அந்நாளையும் கடலுக்குச் செல்லா நாளாக்கிக்கொண்டனர். பழைய சட்டத்தில் புதிய துயரத்துக்கு இடம் கொடுத்திருக்கின்றனர். சபாவின் ஆற்றங்கரைகளில் கடாசான்டுசுன் மக்கள் ‘தகால்’ என்ற பெயரில் ஆற்றைப் பகுதி பகுதியாக மூடித் திறக்கின்றனர். ‘வேண்டாம்’ என்பதே அச்சொல்லின் பொருள். மலேசிய மாணவர்கள் இதை ஆராய வெளிநாடு செல்ல வேண்டியதில்லை.

ஹருக்குவுக்கே திரும்புவோம். ஆறு மூடப்படும் காலத்தில் ‘பானாஸ் சாசி’ என்னும் சடங்கு நடைபெறும். காவலர்கள் கெவாங் தலைவர் வீட்டில் கூடுவர். பின் உலர்ந்த தென்னோலைகளைக் கட்டித் தீப்பந்தமாகக் கொளுத்தி ஏந்தி, தீபா முழங்க இருளில் ஆற்றை நோக்கி நடப்பர். வழியெங்கும் ஒருவர் கூவ மற்றவர் எதிர்கூவும் சொல் ‘சிரெவெய்’. உறுதிமொழி, சூளுரை என்பது அதன் பொருள். அது மலாய்ச் சொல் அன்று; ‘பஹாசா தானா’ எனப்படும் நிலமொழியின் சொல். மலுக்குவின் நடுப்பகுதியிலுள்ள கிறித்தவ ஊர்கள் பெரும்பாலானவற்றில் நிலமொழி வழக்கொழிந்து, அம்போன் மலாயே தாய்மொழியாகிவிட்டது. ஹருக்கு ஊரும் கிறித்தவ ஊரே. நெடுங்காலம் கெவாங் தலைவராக விளங்கிய எலிசா கிஸ்ஸ்யா, ‘சிறு கெவாங்’ என்ற பெயரில் பிள்ளைகளைத் திரட்டி, மீனையும் ஆமையையும் கரையையும் காக்கும் முறையைப் பந்துன் பாடல்கள் வழியாகக் கற்பித்து வந்தவர். அந்தப் பாடல்கள் மலாயில் உள்ளன. பந்தம் ஏந்தி ஆற்றுக்குப் போகும் இரவில் மட்டும், தம் வீடுகளில் எவரும் பேசாத மொழியில் அவ்வூரார் மீனுக்காக உறுதி கூறுகின்றனர்.